ஏழரை சி.சி.க்கு ஏற்ற புரொப்பெல்லர்

மார்ச் 8, சனி

காலையிலேயே வெயில். காற்று துளி இல்லை. கடை ஷட்டருக்கு எண்ணெய் விட்டது. பித்தளை புரொப்பெல்லர்களைப் புளி போட்டுத் துடைத்து மாட்டியது. குளச்சலில் வள்ளத்து எஞ்சின் சாமான் விற்க உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம். உப்புக் காற்றில் பித்தளை பச்சை பிடிப்பதை இன்னும் நிறுத்த முடியவில்லை.

மதியம் செல்வின் வந்தான். என் மனைவி ஜெயாவின் தம்பி. மஸ்கட்டில் எஞ்சின் மெக்கானிக், ஒரு மாத லீவு. கம்பெனி இன்னும் இரண்டு வருடம் நீட்டித் தருகிறது. 18ஆம் தேதி செவ்வாய்க்குள் சம்மதமா இல்லையா என்று மெயில் அனுப்ப வேண்டும்.

போகாமல் என்னோடு கூட்டுச் சேருகிறாயா என்று மறுபடி கேட்டேன். கடைக்குப் பின்னால் பட்டறை. வள்ளங்களில் சின்ன டீசல் எஞ்சின் இறக்குவது, அதற்கு ஏற்ற புரொப் பார்த்துப் பொருத்துவது. இந்தக் கரையில் அதை ஒழுங்காகச் செய்ய ஆள் இல்லை. சாமான் எனது, கை அவனது.

அவன் சொன்னது அப்படியே: “அத்தான், நீங்க விக்கத் தெரிஞ்ச ஆளு. பொருத்தத் தெரிஞ்ச ஆளா? எனக்கு அதுலதான் சந்தேகம்.”

சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

காரிலிருந்து ரிமோட் விமானத்தை இறக்கினான். அங்கே லீவு நாளில் பறக்க விடுவானாம். இறக்கை என் இரண்டு கைகளையும் விரித்த அளவு. மூக்கில் ஏழரை சி.சி. எஞ்சின். முதலில் மெத்தனாலில் ஓடியது. இங்கே மெத்தனாலுக்கு லைசென்ஸ், அலைச்சல். அதனால் பிளக் இருந்த தலையைக் கழற்றி டீசல் தலை போட்டிருக்கிறான். பிளக் இல்லை, பாட்டரி இல்லை. உள்ளே அமுக்கத்தின் சூட்டிலேயே தீப்பிடிக்கும். தலைமேல் ஒரு திருகு: இறுக்கினால் அமுக்கம் கூடும், தளர்த்தினால் குறையும். குடிப்பது மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர் கலவை.

“பழைய புரொப் இதுக்கு இனி ஒத்து வராது. எது ஒத்து வரும்னு நீங்க கண்டுபிடியுங்க. நான் கை வைக்க மாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். பறக்க விடுறது மட்டும் நான். ஒழுங்கா பறந்துதுன்னா மஸ்கட்டுக்குப் போகல்ல. இல்லன்னா பட்டறைப் பேச்சு ரெண்டு வருசம் கழிச்சு.”

சரி என்றேன். இவ்வளவு சின்னதற்கா எனக்குத் தெரியாது?

ஜெயா: “ரெண்டு கிழவனும் காத்தாடி வச்சு வெளையாடுங்க. சோறு ஆறுது.”

மார்ச் 9, ஞாயிறு

சபைக்குப் போனோம். பிரசங்கம் நீளம். என் தலைக்குள் புரொப் அளவு ஓடிக்கொண்டிருந்தது, ஆண்டவர் மன்னிக்க.

அவன் பெட்டியில் இருப்பவை: 10×6, 11×6, 12×6, 13×6. முன் எண் முனைக்கு முனை அங்குலம். பின் எண், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பது. கடல் புரொப்பிலும் இதே இரண்டு எண்தான். பழைய மெத்தனால் எஞ்சினுக்கு 10×6 போட்டிருந்தானாம்.

விமானத்தின் எடை, மீன் தொங்கவிடும் கொக்கித் தராசில்: 2 கி. 700.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் முடுக்கக் கூடாது என்று ஜெயா. விட்டேன்.

மார்ச் 10, திங்கள்

கா. 6. கடைக்குப் பின்னால் தேக்குப் பலகையில் எஞ்சினைப் பூட்டியாயிற்று. செல்வின் கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து நேந்திரங்காய்ச் சிப்ஸ். வாய் திறக்க மாட்டேன் என்றவன் தின்ன மட்டும் திறக்கிறான்.

13×6இல் தொடங்கினேன். என் வழக்கம் அது. பெரிய புரொப்பைக் குறைக்கலாம், சின்னதை வளர்க்க முடியாது.

விரலால் சுழற்றியதில் ஏழாவது தடவை உதைத்தது. சுட்டுவிரல் நுனி வெட்டு. ஜெயா மஞ்சள் வைத்துக் கட்டினாள். பிறகு சைக்கிள் டியூப் சுற்றிய கட்டையால் தட்டினேன், பிடித்துக்கொண்டது. சத்தம் கரடுமுரடு, கொட்டாங்கச்சிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. முதலில் நிமிடத்துக்கு 7,600 சுற்று, அவன் கொண்டு வந்த மீட்டரில். சூடு ஏற ஏற 7,100. ஒரு நிமிடத்தில் தானே நின்றது. கையெல்லாம் கறுப்பு எண்ணெய்.

12×6. அதே கதை. கறுப்பு.

காரணம் தெளிவு: சுமை அதிகம். வள்ளத்தில் எஞ்சின் கறுப்பாய்ப் புகைந்தால் புரொப் முனையில் அரத்தால் அரை அங்குலம் ராவிவிடச் சொல்வேன். புகை போய்விடும். இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன். இங்கேயும் அதுதான் வழி. நாளை சின்னது.

செல்வின் சிப்ஸ் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்து போனான். முகத்தில் ஒன்றும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

விரல் விண் விண் என்கிறது. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிண்டியது மாதிரி.

11×6: கறுப்பு குறைந்தது. 10×6: எண்ணெய் தேன் நிறத்தில் சுத்தமாக வந்தது. 11,800 சுற்று. ரீங்காரம். ஐந்து நிமிடம் நிற்காமல் ஓடியது. தலைத் திருகைத் தொடவே இல்லை. அவன் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

“பாத்தியா மக்கா? ரெண்டு நாள். முடிஞ்சுது.”

“சத்தம் நல்லாத்தான் இருக்கு அத்தான்.”

“பொறவு என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“வாய் திறக்க மாட்டேன்னு சொன்னேன்லா.”

ஈதர் நாற்றம் வீடு வரை. ஆஸ்பத்திரியில் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது, அடுப்பு பற்ற வைக்கவே பயம் என்று ஜெயா. நியாயம். குப்பியைக் கடைக்கு மாற்றினேன், கோணிச்சாக்குக்குள், நிழலில்.

வாங்க வேண்டியது: டியூப், பஞ்சு, ஜெயாவுக்குத் தைலம், சிப்ஸ் (என் காசில் தின்கிறான்).

மார்ச் 12, புதன்

சுசீந்திரம். அறுப்பு முடிந்த வயல். சிவதாணு அண்ணாச்சியுடையது, பம்புசெட் சாமானுக்கு என்னிடம் வருபவர். அறுப்பு மெஷின் ஓடிய தடம் ஒன்று தட்டையாக, ஐம்பது அறுபது எட்டு வைக்கும் நீளம். அதில் ஓடவிட்டுத் தூக்க வேண்டும்.

தூக்கவில்லை.

மூன்று தடவை. எஞ்சின் ஆர்ப்பாட்டம் பண்ணுகிறது, விமானம் தள்ளுவண்டி வேகத்தில் போகிறது. தடம் முடிந்து, அறுத்த நெல்தாளுக்குள் மூக்கைக் குத்தி நிற்கிறது. மூன்றாவது தடவை 10×6 இரண்டாக முறிந்தது. இன்னொன்று இருக்கிறது.

அண்ணாச்சி வரப்பில் நின்று பார்த்தார். “என்ன வேய் கடைக்காரரே, சத்தத்தக் கேட்டு எங்க வீட்டுப் பசு கயித்த அறுத்துட்டு ஓடீட்டு. ஒம்ம வண்டி மட்டும் நகரல்லியே!”

“தரை இளக்கம் அண்ணாச்சி.”

“தரையக் குத்தம் சொல்லாதேயும். ரெண்டு மழை பெய்யட்டும், சனிக்கிழமை டிராக்டர் எறங்குது. புழுதி உழவு. அதுக்குள்ள பறந்தா உண்டு. இல்லன்னா கலப்பைக்குப் பின்னால கட்டி இழுத்துத் தாறேன்.”

செல்வின் சிரித்துவிட்டான். வீடு வரும் வரை ஒரே ஒரு கேள்வி: “இழுவை எவ்வளவுன்னு பாத்தியளா அத்தான்?”

பார்க்கவில்லை. நிறம் பார்த்தேன், சத்தம் கேட்டேன், சுற்று எண்ணினேன். இழுக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

விடியும்போதே மழை. கடலில் யாரும் இறங்கவில்லை. கடையில் வேலையற்ற கூட்டம், சாயா, ஊர்வம்பு.

லாரன்ஸ் வந்தான். போன ஓணத்துக்கு முன்னால் அவன் வள்ளம் புகைகிறது என்று வந்தபோது புரொப் முனையை ராவச் சொன்னது நான்தான். இன்று எல்லாருக்கும் முன்னால் ஆரம்பித்தான்.

“மொதலாளி வைத்தியம் கொள்ளாம். பொகை போச்சு. கூடவே வள்ளத்துக்க ஓட்டமும் போச்சு! எல்லாரும் மீனோட ஏலத்துல நிக்கானுவ. நான் அப்பத்தான் அலைவாய்க் கரைக்கு வாறேன். எனக்க வீட்டுக்காரி கேக்கா, நீரு கடல்ல நடந்தா வாறீருன்னு.”

கூட்டம் சிரித்தது.

“நீ பொகைக்குத்தானே மருந்து கேட்ட?” என்றேன். வியாபாரி பதில். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

“அப்ப அடுத்த தரம் தலைவலின்னு வந்தா தலைய வெட்டச் சொல்லுவேரா ஓய்?”

இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். உள்ளே சிரிப்பு வரவில்லை.

மழை விட்டதும் பின்னால் போய்ப் பலகையைச் சக்கரக் கட்டையில் ஏற்றி, வாலில் கொக்கித் தராசு கட்டி, புது 10×6ஐ ஓட்டினேன். தராசு: 1 கி. 500. இரண்டேமுக்கால் கிலோ விமானத்தை வயலில் தூக்க இது எந்த மூலைக்கு? லாரன்ஸின் வள்ளமும் என் விமானமும் ஒரே சீக்கில் நிற்கின்றன. இரண்டுக்கும் வைத்தியர் நான்.

சுமை கூடினால் கறுப்பு வரும், சரி. கறுப்பு சுமையால் மட்டும்தான் வருமா? வள்ளத்து எஞ்சினில் டீசல் பீய்ச்சும் நேரம் தவறினாலும், நாசில் கெட்டாலும் கறுக்கும். எனக்கே தெரியும். நாசில் விற்பவனே நான். ஆனால் ராவுவது பத்து நிமிட வேலை, ஆளை அனுப்பிவிடலாம். அதனால் எப்போதும் அதையே சொல்லி வந்திருக்கிறேன்.

இந்தச் சின்ன எஞ்சினில் நேரத்தை மாற்றுவது எது? தலைத் திருகு. ஐந்து நாளாய்க் கண்ணெதிரே இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

கா. 5.45. வானம் மூட்டம். செல்வின் வரும் முன்பே ஆரம்பித்தாயிற்று.

மறுபடி 13×6. பிடித்தது, அதே கொட்டாங்கச்சி. சூடு ஏற விட்டு, திருகை அரைக்கால் சுற்று தளர்த்தினேன்.

அவன் வைத்த இடத்தில் — 7,100
அரைக்கால் தளர்த்தி — 7,700. கல் சத்தம் குறைவு
கால் — 8,300. எண்ணெய் பழுப்பு
கால் + கொஞ்சம் — 8,500. தேன் நிறம்
இன்னும் கொஞ்சம் — விக்கல். ஒன்று விட்டு ஒன்று வெடிக்கிறது. திரும்பக் கொஞ்சம் இறுக்கம். சரி.

தராசு: 2 கி. 400!

கத்திவிட்டேன் போல. ஜெயா ஓடிவந்தாள், இன்னொரு விரலும் போயிற்று என்று நினைத்து.

ஆக இதுதான்: பெரிய புரொப் போட்டால் அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். நான் அமுக்கத்தைத் தொடாமல் புரொப்பைக் குறைத்தேன். டீசல் தலை போட்ட எஞ்சின் மெதுவாகச் சுற்றிப் பெரிய புரொப்பை இழுக்கப் பிறந்தது. அதற்குச் சின்ன புரொப் மாட்டிக் கத்த விட்டேன்.

12×6, அதற்கேற்பத் திருகு வைத்து: 9,200 சுற்று. தராசு 2 கி. 150.

தராசைப் பார்த்தால் 13. ஆனால் 13இல் மூன்று நிமிடம் ஓடியபின் 200 சுற்று இறங்குகிறது, தலை கொதிக்கிறது. 12இல் ஐந்து நிமிடமும் ஒரே நிலை. தவிர விமானத்தின் கால் குட்டை, 13 போட்டால் முனைக்கும் தரைக்கும் ஒரு விரல் இடைவெளி. தாளில் அடித்து முறியும். விற்கிறவன் என்றால் 13ஐத்தான் தலையில் கட்டுவேன். பொருத்துகிறவன் 12ஐ எடுக்க வேண்டும். 12 எடுத்தேன்.

செல்வினிடம் காட்டிவிட்டு நானே மாட்டினேன். 13ஐயும் பார்த்தான், 12ஐயும் பார்த்தான்.

“எதுக்கு இது?”

சொன்னேன். கேட்டுக்கொண்டான். இன்று சிப்ஸும் தின்னவில்லை.

மாலை மறுபடி நல்ல மழை. அண்ணாச்சி போன்: “டிராக்டர் நாளைக்கு எட்டரைக்கு. எனக்க மேல குத்தம் சொல்லப்பிடாது.”

மார்ச் 15, சனி

7.50க்கு வயல். தடம் ஈரம், ஆனால் கெட்டி. காற்று இன்னும் எழும்பவில்லை. சக்கரத்தில் சேறு ஒட்டாமல் இருக்க விளக்கெண்ணெய் தடவினேன்.

முதல் ஓட்டம். விமானம் இருபது எட்டில் தரையை விட்டது. அவ்வளவுதான், போய்விட்டது மேலே. தென்னைக்கு மேலே. நான் வாயைப் பிளந்து நின்றேன் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி “கொசு போயிரப் போவுது வேய்” என்றார்.

அரை நிமிடம். பிறகு மேலேயே விக்கல். ஒன்று விட்டு ஒன்று. இழுவை தளர்ந்து, விமானம் தாழ ஆரம்பித்தது. செல்வின் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வட்டம் போட்டு இறக்கினான். சக்கரம் ஒரு துள்ளு, நின்றது.

டிராக்டர் ஏற்கெனவே வரப்பு முனையில். டிரைவர் ஆரன் அடித்தான்.

“என்ன செய்யணும் அத்தான்?” செல்வின் கேட்டான். அவன் குரலில் இருந்தே தெரிந்தது, அவனுக்குப் பதில் தெரியும்.

தளர்த்துவதா இறுக்குவதா. யோசித்தேன். தரையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்துத் திருகு வைத்தேன். பிடித்திருந்தால் புரொப்புக்கு முழுச் சுமை. மேலே ஓட்டம் பிடித்ததும் சுமை குறையும், சுற்று கூடும். வள்ளம் கட்டியிருக்கும்போது உள்ள சுமை ஓடும்போது இல்லை, அதேதான். சுமை குறைந்தால் அமுக்கம் கூட வேண்டும். நேற்று தரையில் வந்த விக்கலும் அமுக்கம் குறைந்தபோதுதான்.

“எறுக்கணும்.”

“எவ்வளவு?”

“அரைக்கால். இல்ல, அதுல பாதி.”

நானே இறுக்கினேன்.

இரண்டாம் ஓட்டம். பதினெட்டு எட்டு. மேலே போயும் ஒரே சத்தம். ஒன்பது நிமிடம், ஒரு விக்கல் இல்லை. கோபுரம் பக்கம் திரும்பி, குளத்துக்கு மேல் சாய்ந்து, எங்கள் தலைக்கு மேல். டிராக்டர் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு மட்கார்டில் ஏறி நின்றான். அண்ணாச்சி, “இறக்கிராதடே, இன்னொரு சுத்து” என்றார். எட்டரை தாண்டியது அவருக்கே தெரியவில்லை.

திரும்பும்போது காரில்:

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை. முதல் சத்தத்துலயே.”

“அஞ்சு நாளு பாத்துக்கிட்டு சிப்ஸ் தின்னுக்கிட்டா இருந்த?”

“நான் சொல்லியிருந்தா நீங்க கத்துக்கிட மாட்டிய அத்தான். பட்டறையில நாளைக்கு எவனாவது வந்து நின்னா, நான் இல்லாத நேரம், பழையபடி அரத்தத்தான் எடுப்பிய.”

கோபம்தான். அவன் சொன்னது சரி என்பதால் கூடுதல் கோபம்.

போகிறானா இருக்கிறானா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பறந்தாயிற்று, அவன் சொல் அவனிடம்.

மார்ச் 16, ஞாயிறு

சபை. பிறகு மீன் குழம்பு, சாளை. வெயில் திரும்பிவிட்டது.

தூக்கம் வரவில்லை மத்தியானம். லாரன்ஸ் மட்டும் இல்லை. என் சொல்லைக் கேட்டு முனை ராவியவர்கள் வேறு யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். நாலு வள்ளம் உறுதியாக. மற்றதெல்லாம் நினைவில்லை. இதைச் செல்வினிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வருவானா? விமானத்தில் தேறியதை வள்ளத்தில் கோட்டை விட்டிருக்கிறேன்.

ஜெயாவிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே:

“சொல்லாம கூட்டு சேந்தா நாளைக்கு அவன் கரையில நாலு பேரு வாயில கேப்பான். அவன் எனக்க தம்பி, நீங்க எனக்க வீட்டுக்காரரு. நடுவுல நிக்கது நான். செவ்வாய்க்கு முன்ன சொல்லீருங்க.”

“போயிட்டான்னா?”

“போகட்டு. கள்ளத்தனம் இல்லாம போகட்டு.”

மார்ச் 17, திங்கள்

கடையில் கூட்டம். இரண்டு தடவை வாயெடுத்தேன், யாராவது வந்தார்கள். சாக்குதான். யாரும் வராவிட்டாலும் எடுத்திருக்க மாட்டேன்.

விரல் கட்டு அவிழ்த்தேன். தழும்பு விழும்.

மார்ச் 18, செவ்வாய்

தெளிந்த வானம், மேற்கே லேசான காற்று. காலை சாப்பாட்டுக்குப் பிறகு செல்வின் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மெயில். சொல்லிவிட்டேன், நின்றபடியே, ஒரே மூச்சில்.

நாலு வள்ளம், ஒருவேளை பத்து. எஞ்சினைத் திறந்து பார்க்காமல் முனையை ராவச் சொன்னேன். நேரம் மிச்சம் என்று செய்தேன், தெரியாமல் இல்லை. நீ சேர்ந்தால் முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்: ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லி, சரிசெய்து கொடுப்பது. கரையில் ஒரு மாதம் சிரிப்பார்கள். உன்னையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அது பிடிக்காவிட்டால் மஸ்கட் மெயிலை இப்போதே அனுப்பு.

செல்வின் என்னையே பார்த்தான். “லாரன்ஸுக்க வள்ளமா? அது எனக்கு லீவுக்கு வந்த மொதல் நாளே தெரியும் அத்தான். சந்தையில வச்சுச் சொன்னான். அதனாலதான் விமானத்த உங்க கிட்டக் கொண்டு வந்தேன்.”

அடப்பாவி.

“சொல்லுவியளா மாட்டியளான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நேத்து ராத்திரி வரைக்கும் சொல்லல்ல. மஸ்கட்டுக்கு எழுதி வச்சிட்டேன், வாறேன்னு. அனுப்பல்ல.”

எழுதியதை என் முன்னாலேயே அழித்தான். வேறு எழுதினான். இரண்டு வரி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஜெயாவைக் கூப்பிட்டுக் கேட்டான். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“கடை எத்தன மணிக்குத் தொறப்பிய?”

“ஆறரை.”

“பிந்திப்போச்சு. வள்ளம் கரைக்கு வந்து ஆளு வீட்டுக்குப் போயிருவான். நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் அலைவாய்க்குப் போறேன். சாமான் எடுக்கணும், சாவியத் தாங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சாவியை ஜெயாவுக்குக்கூடக் கொடுத்ததில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

கொடுத்தேன்.